சிவப்புச் சீட்டு கட்டிய பேட்டரி

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பெட்டி அது. அதன் கம்பியில் நூல் கோத்துக் கட்டிய ஒரு சிவப்புச் சீட்டு. சீட்டில் நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், 'கொடுக்கக் கூடாது' என்று இரண்டே சொற்கள். எங்கள் ஸ்டோர் மேடத்தை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அந்தப் பேட்டரிதான் எனக்குத் தெரிகிறது.

தஞ்சாவூருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒற்றை ஓடுபாதையோடு இருந்த சிறிய விமானப் பயிற்சிப் பள்ளி அது. இருந்தவை இரண்டே விமானங்கள். அவற்றின் மின்னணுக் கருவிகள் என் பொறுப்பு. பறக்கும்போது இன்ஜினிலிருந்து வரும் மின்சாரம் நின்றுபோனால், உயரத்தையும் வேகத்தையும் காட்டும் திரை அணைந்துவிடக் கூடாது. அரை மணி நேரம் அதை எரிய வைக்கத்தான் அந்த லித்தியம் பேட்டரி. பெரும்பாலும் அதற்கு வேலையே வராது. அதனாலேயே நான் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. உதிரிப் பேட்டரிகளைத் தகர அலமாரியில் போட்டு வைத்திருப்பேன், வெயிலோ மழையோ.

மேடம் உதிரிபாக ஸ்டோருக்குப் பொறுப்பாக வந்தபோது எனக்கு நாற்பது வயது. அவருக்கு முப்பதுகூட இருக்காது. குத்தாலம் பக்கம். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். டிப்ளமோ முடித்து அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் இவர். வந்த வாரமே பேட்டரியோடு வந்த கையேட்டை வரி விடாமல் படித்துவிட்டு, அலமாரியைக் காலி செய்தார். முழு சார்ஜோடும் வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது, பாதியில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று நோட்டுப் போட்டார். சார்ஜ் ஏறும்போது பக்கத்தைவிட்டு நகர மாட்டார். நடுவில் சூடேறுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். சித்திரை வெயிலில் ஸ்டோர் ஏசி பழுதானதும், பேட்டரிகளை இரும்புப் பெட்டியில் வைத்து மேனேஜர் அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். "இங்கதான் சார் ஏசி ஓடுது" என்றார். எங்களுக்குச் சிரிப்பு.

அந்த வருட மழைக்காலம் முடிந்த ஒரு காலையில்தான் அது நடந்தது. வேதாரண்யத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவி அன்று முதன்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டும். பார்க்க அவள் அம்மாவும் அப்பாவும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். விமானத்தைச் சோதித்தபோது அதிலிருந்த பேட்டரி லேசாக உப்பியிருந்தது. இன்னொரு விமானமோ பழுதுபார்க்கப் பிரித்துக் கிடந்தது. நான் ஸ்டோருக்கு ஓடினேன். நல்ல உதிரிகள் தீர்ந்துபோய், மிச்சமிருந்தது சிவப்புச் சீட்டு கட்டிய ஒன்றுதான்.

"அது வேணாம் சார். நான் வர்றதுக்கு முன்னாடி இருந்தே கிடக்குது. எத்தன கோடை பாத்துச்சுன்னு எழுத்தே இல்ல" என்றார்.

நான் பேட்டரியிலிருந்த சோதனைப் பட்டனை அழுத்திக் காட்டினேன். "பச்ச லைட் எரியுதேம்மா?"

"எரியுது சார். எவ்வளவு நேரம் எரியும்னு சொல்லலயே?"

எனக்குச் சுருக்கென்றது. எழுத்தில்லாமல் போட்டு வைத்தவன் நான்தான். அந்தக் கோபத்தில் நேராக மேனேஜரிடம் போனேன். அவர் வந்து, "குடுத்துடும்மா, ஒரு பத்து நிமிஷம் சுத்திட்டு இறங்கப்போவுது, பாவம் பெத்தவங்க காத்திருக்காங்க" என்றார். மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு வேலை நிரந்தரமாகாத காலம். பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தார். ரசீதுப் புத்தகத்தையும் என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்குங்க சார். நல்லா இருக்குதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. என்னால முடியாது."

பேனாவைத் திறந்தேன். ஜன்னல் வழியே அந்தப் பெண் விமானத்தின் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இருபது வருடத்தில் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அன்று கை ஓடவில்லை. பேனாவை மூடிவிட்டு, "சார்ஜ் போட்டு சோதிச்சுப் பாத்துருவோம்" என்றேன். மேனேஜர் தன் அறைக்குத் திரும்பிப் போனார்.

மாலை வரை சார்ஜ் ஏறியது. மேடம் சாப்பிடக்கூடப் போகவில்லை. பிறகு அதைத் திரையோடு இணைத்துக் கடிகாரத்தைப் பார்த்தோம். ஒன்பதாவது நிமிடம் திரை இருண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "என் தப்புதாம்மா" என்றேன். "பாத்துட்டோம்ல சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்று பறக்க முடியாது என்று மரத்தடிக்குப் போய் நானே சொன்னேன். மாணவி அழுதாள். அவள் அம்மா, "நிறுத்தச் சொன்னது யாருங்க?" என்று கேட்டார். "ஸ்டோர் மேடம்தாங்க, காலைலேருந்து சாப்பிடக்கூடப் போகல" என்று தயங்கி ஸ்டோர் வாசலைக் காட்டினேன். விறுவிறுவென்று நடந்தார். சண்டைக்குப் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். அவர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலயாமே? எம் பொண்ணுக்குக் கட்டியாந்த புளிச்சோறு இருக்குது, வாம்மா" என்றார். மேடம் அப்போதுதான் அழுதார்.

நான்கு நாளில் புதுப் பேட்டரி வந்தது. அதுவரை பெற்றோர் கூத்தாநல்லூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். அந்தப் பெண் பறந்து, சம்பா வயல்களுக்கு மேல் ஒரு வட்டமடித்து, பத்திரமாக இறங்கினாள். அந்த வாரமே மேனேஜர் ஸ்டோருக்குப் புது ஏசி போடச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

மேடம் பிறகு தேர்வெழுதி, இப்போது வெளியூரில் ஒரு பெரிய விமானப் பராமரிப்புக் கூடத்தில் பேட்டரிப் பிரிவுக்குப் பொறுப்பாளர். போன மாதம் மனைவியோடு அந்தப் பக்கம் போனபோது பார்க்கப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பேட்டரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பமானி. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தவர், கதவருகே நின்றுவிட்டார்.

"சார், மோதிரத்தக் கழட்டிட்டு வாங்க. உலோகம் உள்ள வரக்கூடாது."

"கல்யாணத்துல போட்டது. கழலாதும்மா."

"சோப்பு இருக்குது சார்" என்று குழாயைக் காட்டினார்.

மனைவி விழுந்து விழுந்து சிரிக்க, நுரையோடு மோதிரத்தை முறுக்கிக்கொண்டு நின்றேன். அது கழன்று வரப் பத்து நிமிடம் ஆனது. அதுவரை அவர் கதவைத் திறக்கவே இல்லை.