சுந்தரிக்காகச் செய்த பெட்டி

பேராசிரியர் பாபநாசம் காலையில் ஊதுபத்தி கொளுத்துவது சாமிக்கு இல்லை. குளித்து, நீறு பூசி, பட்டாசல் என்கிற முன்கூடத்தின் மூலையில் இருக்கும் ஒரு மரப்பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பத்தியை அதன் வாய்க்கு நேராக நீட்டியபடி புகை போகிற வழியைப் பார்க்கிறார். புகை பெட்டிக்குள் இழுபட்டால் முகம் தெளியும். வெளியே வந்தால் காபியில் சர்க்கரை குறைவு என்பார். முதல் நாள் இதைக் கண்ட அவர் மனைவி சண்முகசுந்தரி, மனிதருக்கு ஐம்பது வயதிலாவது பக்தி வந்ததே என்று நெல்லையப்பருக்கு நன்றி சொல்லிவிட்டாள். பாவம், சொன்ன நன்றியைத் திரும்ப வாங்க முடியாது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் காற்றழுத்தம், வெப்பம், ஒளி எல்லாம் நடத்துகிறார். அது பிழைப்பு. வாழ்க்கை என்பது வேறு: சிங்கப்பூரில் இருக்கும் சகலை அனுப்புகிற பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, ஒரு முழ நீளத்தில் போர் விமானம் செய்து, அதற்குப் பெயிண்ட் அடிப்பது. பயறு அளவுத் தலையுள்ள விமானிக்கு மீசைகூட வரைவார். ஆனால் விமானத்தில் ஏறியதில்லை. வாகைக்குளத்தில் விமானம் இறங்குகிறது என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு, பஸ் மாறிப் போய், வேலிக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று சுந்தரி கேட்டாள். “என்னத்தச் சொல்ல. இடது றெக்கையில பெயிண்ட ஒழுக விட்டிருக்கான்.”

முன்பெல்லாம் மொட்டைமாடியில்தான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஆனி பிறந்தால் மேற்கேயிருந்து காற்று கிளம்பிவிடும். ஊரே குற்றாலத்தில் சாரல் என்று துண்டை எடுத்துக்கொண்டு ஓடும். பாபநாசம் மட்டும் காற்றைத் திட்டுவார். ஈரப் பெயிண்டில் புழுதி வந்து ஒட்டி, அவருடைய விமானங்கள் ரவையில் புரட்டிய வாழைக்காய் மாதிரி ஆகிவிடும். சரி என்று வீட்டுக்குள் வந்தார். தின்னர் வாடையில் சுந்தரிக்கு இளைப்பு வந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு விட்டவள், விடிந்ததும் சொன்னாள்: “இன்னொரு தடவ எனக்கு இளைச்சுதுன்னா, நான் முக்கூடலுக்கு எங்க வீட்டுக்குப் போயிருவேன். பொறவு நீங்களும் ஒங்க ஏரோப்ளேனும் சொதி வச்சுச் சாப்பிடுங்க.”

சுந்தரி மேல் அவருக்குப் பிரியம் உண்டு, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்தப் பிரியத்தில்தான் பெட்டி செய்ய இறங்கினார். அப்படித்தான் அவர் மனதார நம்புகிறார். கலர் டிவி வந்ததும் மூலையில் போட்ட பழைய டிவியின் குடலை உருவி, கதவுள்ள மரக்கூட்டை எடுத்துக்கொண்டார். பின்பக்கம் ஓட்டை போட்டு, அடுக்களைப் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றி அதில் மாட்டினார். பெயிண்ட் துளிகளை வடிகட்டத் தென்னம் பன்னாடை. பெயிண்ட் பீச்சுவதற்குப் பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரசர். அது உறுமத் தொடங்கினால் தெருவில் அத்தனை வீட்டு டிவியிலும் கோடு ஓடும்.

முதலில் பெட்டி அடுக்களையில்தான் குடியேறியது, அங்கேதான் சுவரில் ஓட்டை தயாராக இருந்தது. பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. உள்ளே ஒரு துளி வாடை இல்லை. எல்லாம் பின்வீட்டுத் தேவமணி டீச்சரின் துணிக்கொடிக்குப் போய்விட்டது. டீச்சர் வெள்ளைச் சேலையை மதில் மேல் விரித்துக் காட்டினார், முந்தானை முழுக்கப் பச்சைப் புள்ளி. “அண்ணாச்சி, நாளைக்கு இத உடுத்திக்கிட்டு நான் கோயிலுக்குப் போவவா, பட்டாளத்துக்குப் போவவா?”

பெட்டி பட்டாசலுக்கு வந்தது. வாசல் பார்த்த மேற்குச் சுவரை உடைத்துக் குழாய் விட்டார். சுந்தரி கேட்டாள்: “மேக்க ஓட்டையப் போட்டா ஆடிக்காத்து உள்ள அடிக்காதா?”

பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். “ஏட்டி, இது ஃபேன் தள்ளுத காத்து. அது சும்மா அடிக்குத காத்து.”

ஆடி பிறந்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெரிய சோதனை. வாசல் கதவைச் சாத்தி, மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, சுந்தரியைப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வாடை வருகிறதா என்று சொல்ல வேண்டியது அவள் மூக்கு. அவளுக்குத் துண்டு கிடையாது, கட்டினால் சோதனை கெட்டுவிடும்.

“வருதா?”

“வரல.”

“இப்ப?”

“வரலங்கேன்.”

ஒரு றெக்கை முடிந்தது. பாபநாசம் துண்டுக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. அப்போதுதான் சும்மா அடிக்கிற காற்று வந்தது. ஃபேன் இரண்டு முறை முனகி நின்றுபோனது. பச்சைப் புகை பெட்டிக்குள்ளிருந்து திரும்பி வந்து நேரே சுந்தரியின் முகத்தில் அடித்தது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். விசில் மாதிரி மூச்சு இழுத்தது. பாபநாசத்துக்குப் பதறத்தான் செய்தது. ஆனால் பாதியில் நிறுத்தினால் பெயிண்ட் திட்டுத்திட்டாகிவிடுமே.

“கொஞ்சம் மூச்சப் பிடிச்சுக்கோ. ஒரு றெக்கதான் பாக்கி.”

சுந்தரி எழுந்து உள்ளே போனாள். மாத்திரை போட்டுக்கொண்டாள். இளைப்பு கொஞ்சம் அடங்கியதும் நாலு சேலையைப் பையில் திணித்தாள். அவர் அந்த றெக்கையை முடித்து, விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் காயட்டும் என்று மேசை மேல் வைத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. இத்தனை வருசத்தில் இப்படி ஒன்று அவர் கையிலிருந்து வந்ததில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. நிமிர்ந்தபோது அவள் பையோடு வாசலில் நின்றாள், தோள் இன்னும் ஏறி இறங்கியது.

“முக்கூடலுக்கா?”

“ஆமா.”

அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று பட்டது. சொன்னார்.

“காய நாளைக்கு ஆயிரும். கதவப் பைய சாத்திட்டுப் போ, புழுதி அடிக்கும்.”

சுந்தரி பையைக் கீழே வைத்தாள். மனம் மாறிவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் வாசல் கதவு இரண்டையும் விரியத் திறந்து, ஒவ்வொன்றாகச் சுவரோடு சேர்த்துக் கொக்கி மாட்டினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.