பாரத்தில் எழுதாத சர்க்கரை

என் கணவர் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு மகளின் பிரசவத்துக்காகச் சென்னை கிளம்பும் முன் மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தோம். அதற்கான பாரத்தில் 'ஏற்கெனவே நோய் உண்டா?' என்ற கேள்விக்கு அவர் 'இல்லை' என்று எழுதினார்.

"சர்க்கரை இருக்கேங்க?" என்றேன்.

"ஜெபத்துல சொகமாச்சுன்னு சபையில சாட்சி சொன்னவன், இதுல நோயாளின்னு எழுதவா? நல்லாக் கேட்ட போ."

மாத்திரையையும் அவர் நிறுத்தியிருந்தார்.

சென்னையில் மூன்றாம் நாள் வாந்தியெடுத்து மயங்கினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், "சர்க்கரை உண்டா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் பையிலிருக்கும் பாலிசி செல்லாமல் போகுமே என்று பயந்து, "இல்லைங்க" என்றேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்பே குளுக்கோஸ் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. கூப்பிட்டால் பதில் இல்லை.

நிறைமாதமாக இருந்த மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, சர்க்கரைன்னு சொன்னியா இல்லையா?" என்றாள். அதன் பிறகுதான் டாக்டரிடம் ஓடி உண்மையைச் சொன்னேன்.

நான்கு நாள் கழித்துக் கண் திறந்தார். பேத்தியைத் தூக்கும் தெம்பு இன்னும் வரவில்லை. அந்தப் பாலிசியை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

புதிய பாரத்தில் அவர் நோயை நானே எழுதினேன். வெளியூர் போனால் நோயும் மாத்திரையும் எழுதிய சீட்டு என்னிடம் இருக்கும். டாக்டர் கேட்கும் முன்பே அதை நீட்டிவிடுகிறேன். என் வாயை நம்புவதில்லை.