எங்கள் இருவருக்கும் இல்லாத ரத்தப் பிரிவு

மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தபோது, விண்ணப்பத்தில் ரத்தப் பிரிவு கேட்ட இடத்தில் ‘ஏபி பாசிட்டிவ்’ என்று எழுதினேன். அது என் கணவருடையது. பெயருக்கு முன்னால் அப்பாவின் இன்ஷியல் வருகிறதே, ரத்தமும் அப்படித்தான் வரும் என்று நினைத்துவிட்டேன். பி.காம். படித்தவள். எதையும் மூன்று முறை சரிபார்ப்பவள். இதை மட்டும் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் லேபில் ரத்தம் எடுத்தபோது, எழுதியதை உறுதிசெய்துகொள்ளலாம் என்று பிரிவையும் பார்க்கச் சொன்னேன். பி பாசிட்டிவ் என்று வந்தது. நான் ஓ. அவர் ஏபி. குழந்தை இரண்டும் இல்லை.

அவள் குறைமாதத்தில் பிறந்தவள். செங்கல்பட்டில் பிரசவமானதும் பச்சிளங்குழந்தை வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாம் நாள்தான் என் கையில் தந்தார்கள். அங்கே வரிசையாக எத்தனை குழந்தைகள் இருந்தன! மாற்றிக் கொடுத்திருந்தால்? காய்ச்சல் இறங்கியும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தூங்கும் குழந்தையின் முகத்தில் என்னைத் தேடினேன். தேடுவதே பாவமாகவும் இருந்தது.

கணவரிடம் சொல்லப் பயந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சிரிக்கசொல்ல அந்தப் பல்லப் பாத்துக்கீறியா? அப்டியே எம் புள்ள பல்லு. லேபுக்காரனா பெத்தான்?”

ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பல்லை நம்பி நான் எப்படித் தூங்குவது? மறுநாள் லேபுக்குப் போய், மறுபடி பார்க்கச் சொன்னேன். அதே பி. அங்கிருந்த பெண் என்னைவிடச் சின்னவள். எங்கள் இருவரின் பிரிவையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஏபின்றது ஒண்ணு இல்லக்கா, ரெண்டு. உங்க வூட்டுக்காரரு அதுல ஒண்ணத்தான் குடுக்க முடியும்.”

ஒவ்வொருவரிடமும் இரண்டு பங்கு இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. என்னுடையவை இரண்டும் ஓ. அவரிடம் ஏ ஒன்று, பி ஒன்று. ஒன்றை ஒன்று மறைக்காமல் இரண்டும் சமமாகத் தெரிவதால்தான் அவர் ஏபி. மகளுக்கு அவர் தந்தது பி, நான் தந்தது ஓ. பி பக்கத்தில் இருந்தால் ஓ வெளியே தெரியாது. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து அந்திமந்தாரை இளஞ்சிவப்பாகுமே, அப்படியா என்று கேட்டேன். அங்கே இரண்டும் இல்லாத நடு நிறம் வரும், இங்கே ஏ ஏ-வாகவும் பி பி-யாகவும் நிற்கும் என்றாள்.

“உங்களுக்குப் பொறந்தா ஏ, இல்லன்னா பி. நீங்க எழுதின ஏபி வந்திருந்தாத்தான் யோசிக்கணும்.”

இதனால் அவள் என் மகள்தான் என்று நிரூபணமாகிவிடவில்லை. இல்லை என்று சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அதுவும் எனக்குத் தெரிந்தது. மீதிக்கு மாமியார் சொன்ன பல் போதும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அலைக்குப் பயந்து மகள், மணலில் உட்கார்ந்திருந்த என் புடவைக்குள் புகுந்துகொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பி-ய இவ எடுத்துகினா. ஏ சும்மாதான கீது?”

முதல் பிரசவத்துக்குப் பிறகு, இன்னொரு குழந்தை என்ற பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவேன். அன்று நான் எழுந்திருக்கவில்லை.