நீல அருவிக்குக் கீழே என் கையெழுத்து

வாட்டர் கலரில் வெள்ளை வேண்டுமென்றால் தாளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். இந்த ஒன்றைப் பிறருக்குப் புரியவைப்பதற்குள் என்னைப் போன்ற ஓவியர்களின் பாதி ஆயுள் போய்விடுகிறது. என் மீதிப் பாதியைக் கெடுத்தவர் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் சங்கரபாண்டி அண்ணாச்சி.

பாக்கி வேலை

அவருடைய வரவேற்பறைக்கு ஐந்தருவியை வரைந்து கொடுத்தேன். பாறையைக் கறுப்பும் பச்சையுமாகத் தீட்டி, ஐந்து இடத்தில் வெறும் தாளை விட்டேன். அந்த ஐந்தும்தான் தண்ணீர். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளப் பத்து வருஷம் ஆயிற்று.

ஒரு வாரம் கழித்துப் போனால் ஐந்தும் பளீரென்று நீலம். ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க வந்த ஆளிடம், படத்தின் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார் அண்ணாச்சி. கீழே என் கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"பாதியில விட்டுட்டுப் போயிட்டீரேவே. உம்ம பேரு கெட்டுறக் கூடாதேன்னு நாந்தான் ஆள் வச்சு முடிச்சேன்" என்றார்.

எண்ணெய்க் கை

சீசனில் அருவிக்கரையில் உட்கார்ந்து வரைந்தால் சாரலில் தாள் காயாது. அதைக்கூடப் பொறுக்கலாம். ஒருநாள், உடம்பெல்லாம் எண்ணெய் வழியக் குளிக்கப் போன மதுரைக்காரர் ஒருவர் என் தாளை ஆசையாகத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் பட்ட இடத்தில் கலர் ஒட்டாது. பாறையைத் தீட்டத் தீட்ட, அவருடைய ஐந்து விரலும் நடுவில் வெள்ளையாக நின்றன.

குளித்துவிட்டு வந்தவர் குனிந்து பார்த்தார். "தண்ணி எப்படி விழுகுது பாருங்க. நம்ம கை பட்ட நேரம்ங்க."

பாடம்

தென்காசியில் ஞாயிறுதோறும் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் மூன்று வாரம் எதை வரைவது என்ற பேச்சே கிடையாது. எதைத் தொடக்கூடாதோ அதை மட்டும் பென்சிலால் குறிக்க வேண்டும். ஆறு பேர் வந்தார்கள். நாலாவது வாரம், ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் அருவிக்கு நீலத்தை அப்பினார். பிரஷைப் பிடுங்கிவிட்டேன். அவர் நிதானமாக போனை எடுத்து, அண்ணாச்சி லாட்ஜில் என் படத்தைப் பிடித்த போட்டோவை எல்லோருக்கும் காட்டினார்.

"கையெழுத்து உங்களுதுதானே சார்? நீங்க நீலம் அடிக்கலாம், நாங்க அடிக்கப்படாதாக்கும்?"

அடுத்த ஞாயிறு மூன்று பேர்தான் வந்தார்கள்.

சமரசம்

மீதி மூன்று பேராவது நிற்க வேண்டுமே என்று லாட்ஜுக்குப் போனேன். புதுப்படம் சும்மாவே வரைந்து தருகிறேன், இதை இறக்குங்கள் என்றேன்.

"மார்ச்சுல அருவியில சொட்டுத் தண்ணி கெடையாது. வாற ஆளுகல்லாம் இது முன்னாலதான் நின்னு செல்ஃபி எடுக்காவ. இதப் போயி எறக்கச் சொல்லுதீரே."

சரி, செய்தது தப்பு என்று ஒரு வார்த்தையாவது என் மாணவர்களிடம் சொல்லுங்கள் என்றேன். அண்ணாச்சி எழுந்துபோய்ப் படத்தைத் துண்டால் துடைத்தார்.

"தப்பா? மங்கிருச்சேன்னு போன வாரந்தான் இன்னொரு கோட்டிங் அடிச்சிருக்கு. தொட்டுராதேயும்."

ஆக, எனக்கு வரவேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை; நீலம் மட்டும் இரண்டு கோட்டிங் வந்திருக்கிறது.