வாளிக்குச் சிங்களத்தில் என்ன பெயர்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னது பின்னதாக வந்தால் கோபிக்காமல் வாசியுங்கள்.

போன கிழமை சுவிஸில், பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில், எங்கள் கட்டடத்தில் கீழே இருக்கும் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு வாளியோடு போனேன். மேல்மாடிச் சுவிஸ் கிழவர், புதிதாகக் குடிவந்த எரித்திரியப் பெண்ணை மறித்துவைத்து, "சொல்லு பாப்பம், குஹிகேஷ்ட்லி!" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டிபானை வைக்கும் குசினிச் சின்ன அலுமாரிக்கு இவர்களுடைய பேச்சில் அப்படிப் பெயர். தொண்டையில் சளி கட்டினவர் செருமுவது போல ஒரு சொல். வெளிநாட்டாரைக் கண்டால் இதைச் சொல்லவைத்துப் பார்ப்பது இவர்களுக்கு ஒரு விளையாட்டு. நல்ல மனிதர்தான், பனிக்காலத்தில் என் வாசலையும் சேர்த்தே கூட்டிவிடுவார். அவள் என்னவோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். சவர்க்காரத் தூள் மணந்த அந்த அறையில் எனக்கு மட்டும் மண்ணெண்ணெய் மணத்தது.

மண்ணெண்ணெய் என்றால் எனக்குக் கொழும்பு. கலியாணம் முடித்த புதிதில் வெள்ளவத்தையில் சந்து மாதிரி ஓர் ஒழுங்கைக்குள் அறை எடுத்திருந்தோம். என் மனுசனுக்குத் தமிழ் முதலாளியின் புடவைக்கடையில் வேலை. சிங்களம் பேசும் தேவை அவருக்கு வந்ததில்லை. எனக்குப் பொதுக் குழாயடியில் வந்தது. அங்கே சோமாவதி என்று ஒரு சிங்கள அக்கா. வாளியை அவர்கள் 'பால்திய' என்பார்கள். வாளி என்று பழகிய என் வாயில் அது 'வால்திய' என்று வரும். "உதட்டை மூடிப்போட்டுத் திற, நங்கி!" என்று தன் பாஷையில் சொல்லி, என் உதட்டை விரலால் அமத்திக் காட்டுவாள். நங்கி என்றால் தங்கச்சி. சிரித்துச் சிரித்து என் வாளி நிரம்பி வழிந்த நாட்களும் உண்டு. வீட்டுக்கு வந்து அவருக்கும் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன்.

"உனக்கு வேறை வேலை இல்லையோ? வாளி எண்டா வாளிதானே" என்றார்.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு. ஆடி மாதம் வடக்கில் இராணுவக்காரர் செத்தார்கள். அதற்குக் கொழும்பில் கடை வைத்திருந்த தமிழனையும் கூலிக்கு நின்ற தமிழனையும் அடித்தார்கள். படித்தவர்களைக் கேட்டால் மொழிச் சட்டம், கம்பஸில் படிக்க இடம், தேர்தல் என்று எத்தனையோ காரணம் சொல்வார்கள். அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். எங்கள் குழாயடியில் அந்தக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. முதல் நாளும் சிரித்துக்கொண்டுதான் தண்ணீர் பிடித்தோம்.

பள்ளிக்கூடத்து அகதி முகாமுக்கு எங்களைக் கூட்டிப்போக சோமாவதிதான் கூட வந்தாள். பொட்டை அழித்து, தாலியைச் சட்டைக்குள் விட்டிருந்தேன். பஸ்ஸில் நானும் சோமாவதியும் பின்னுக்கு, என் மனுசன் முன்னுக்கு. வழியில் தமிழரைத் தேடி நின்ற கூட்டத்தார் மறித்து, பின்வாசலால் ஏறினார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் வாளி. அதைத் தூக்கிக் காட்டி, "மேக்க மொக்கத்த?" என்றான். இது என்ன என்று அர்த்தம். நான் உதட்டை மூடித் திறந்து சரியாகச் சொன்னேன். என்னைக் கடந்து போனான். முன்னுக்கு நின்றவரிடமும் அதே கேள்வி. அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அவரை இறக்கினார்கள். நான் எழும்பினேன். சோமாவதி சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். பஸ் வெளிக்கிட்டது. அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை.

அடுத்த வருடம் சுவிஸில் இருந்த என் அண்ணை என்னை இங்கே எடுப்பித்தார். இன்டர்லாக்கனில் அவர் வேலைக்கு நின்ற ஹொட்டேலில் எனக்கும் சட்டி கழுவும் வேலை. முதல் கிழமையே சமையற்காரர் ஒருவர் அலுமாரியைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டார். மற்றவர்களும் சுற்றி வந்து நின்றார்கள். என் கையிலிருந்த சட்டி விழுந்து பெரிய சத்தம்.

"சொல்லன் பிள்ளை, பகிடிக்குத்தானே கேக்கினம்" என்றார் அண்ணை.

"பகிடி எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பிறகு பேர்னில் அகதி விசாரணை. மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர், கழுத்துப்பட்டி எல்லாம் கட்டியிருந்தார்.

"ஏம்மா, கலவரத்துல வாளி எதுக்கு? தீ அணைக்கவா?"

"இல்லை ஐயா. பேர் கேக்கிறதுக்கு."

"யாரு பேரு?"

"வாளியின்ரை பேர்."

பாவம், அவரும் என்னதான் செய்வார். அதிகாரியோடு கதைத்துவிட்டுத் திரும்பினார். "நீங்க சரியா சொல்லிட்டீங்க. அப்போ உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேக்குறாரு."

ஒன்றும் ஆகாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அண்ணை சொல்லியிருந்தார். ஒன்றும் ஆகாமல்தான் நானும் அவர்கள் முன்னால் இருந்தேன். எனக்கு யாரிடமும் நிமிர்ந்து கதைக்க வராது. அன்றைக்கு எப்படி வந்ததோ, அதிகாரியைப் பார்த்து "குஹிகேஷ்ட்லி" என்றேன். சரியான பிழையாகச் சொன்னேன். அவர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார்.

"ஐயா, இதை அவருக்குச் சொல்லுங்கோ. நான் பிழையாச் சொன்னன், அவர் சிரிக்கிறார். அங்கை என்ரை மனுசன் பிழையாச் சொன்னவர்."

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொன்ன பிறகும் அதிகாரியின் முகத்தில் அந்தச் சிரிப்பு, எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. இங்கே இருக்கலாம் என்று அனுமதி வந்தது பிறகொரு நாள். இதனால்தான் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்த ஹொட்டேல் இப்போது இல்லை. வெள்ளவத்தை ஒழுங்கையில் குழாயை எடுத்துவிட்டு மாடி வீடு கட்டிவிட்டார்களாம். சோமாவதியைத் தெரிந்தவர் யாருமில்லை. அண்ணையின் பேரப்பிள்ளைகள் குஹிகேஷ்ட்லியை ஒரே மூச்சில் சொல்லுகிறார்கள். வாளிக்கு அவர்கள் 'கெஸல்' என்பார்கள்.

ஒரு உதவி. சோமாவதி சொல்லித் தந்த சொல்லை மேலே எழுதியிருக்கிறேன். தமிழில் அதற்குச் சரியான எழுத்து இல்லை. நான் எழுதியதை வாசித்தால், குடிக்கிற பால் போல இருக்கிறது. சிங்களம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்தித் தாருங்கள். என் மனுசன் சொன்னது மட்டும் தமிழில் சரியாக எழுத வருகிறது. வால்திய. அதைத் திருத்தவேண்டாம்.