பூஜையில் வைத்த வீடியோ கேம்

ஆயுத பூஜையன்று தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, டி.வி.க்குக் கீழே கிடந்த மகனுடைய பழைய வீடியோ கேமுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அவன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். மனைவி காலமான பின் வீட்டில் நான் மட்டும்தான்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று கொஞ்சமாவது இயக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். காலையில் தறியில் ஊடு நூல் நாடாவை நாலு முறை ஓட்டிவிட்டு, மகனைப் போனில் கூப்பிட்டேன். அந்தச் சாக்கில் அவனோடு கொஞ்ச நேரம் பேசலாமே என்று ஆசை.

"பூஜையில வச்ச கேமுல கேசட்டை எப்படிப்பா போடறது?"

"இன்னாப்பா, அதுக்குமா பொட்டு வச்சிக்கினு இருக்க?" என்று சிரித்தான். "வாயால ஊதிட்டுப் போடு, வரும்."

"சாமிகிட்ட வச்சதுல எச்சி படலாமா?"

"அப்போ சாமியையே வந்து ஆடச் சொல்லு. ஆபீஸ்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்படறேன்."

துண்டால் துடைத்துப் போட்டேன், படம் வந்தது. எதை அழுத்தினேனோ, இருவர் ஆடும் ஆட்டம் தொடங்கிவிட்டது. என் ஆள் நடந்தான். இன்னொருவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் வராமல் திரை நகரவில்லை. இரண்டாவது ரிமோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, இவனைக் கொஞ்சம், அவனைக் கொஞ்சம் நடத்தினேன். பகவானே, ஒரு பாலம் வரை போய்விட்டோம்! போனைப் பக்கத்தில் வைத்து, மகன் கூப்பிடட்டும் என்று ஆட்டத்தை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.