ஜன்னலோரம் வைத்த தட்டுகள்

போன செவ்வாய்க்கிழமை காலை, வெறும் வயிற்றோடு கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சர்க்கரை இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம்.

ரத்தம் எடுத்த பெண் டியூபில் என் பெயரை எழுதினாள். படித்துப் பார்த்தாள். என் சீட்டோடு ஒப்பிட்டாள். என்னிடம் பெயரைக் கேட்டாள். மறுபடியும் டியூபைப் பார்த்தாள்.

"இத்தனை தடவை பார்க்கணுமாம்மா?" என்றேன்.

"மாத்தி எழுதுறவதானே நானு... மறந்துட்டீங்களா அண்ணா?" என்றபடி முகமூடியை இறக்கினாள்.

சுகந்தி.

இந்தப் பக்கத்தில் நான் பலருடைய தப்புகளைக் கிண்டல் செய்திருக்கிறேன். இந்த வாரம் என்னுடையது. கிண்டல் இல்லை.

சுனாமிக்கு மறுவருஷம். சிதம்பரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் நான் சீனியர், சுகந்தி புதிதாகச் சேர்ந்தவள். கடலூர் முதுநகரைத் தாண்டி ஒரு மீனவக் கிராமம் அவளுடையது. வீடு போய், தற்காலிக ஷெட்டில் குடியிருந்தார்கள். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். 'பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கப் போவுது' என்று அவளுடைய அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

எங்கள் வேலை பாக்டீரியாவோடு. புற ஊதாக் கதிர் பட்டால் அதன் டி.என்.ஏ. சேதமாகும். அதைச் சரிசெய்ய பாக்டீரியாவிடமே சில புரதங்கள் இருக்கின்றன. முக்கியமான ஒன்றின் பெயர் ரெக்-ஏ. இழை அறுந்துபோனால், அதே செய்தி உள்ள இன்னொரு இழையைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்துச் சரிசெய்ய வைக்கும். அந்தப் புரதமே இல்லாத பாக்டீரியாவைக் கதிரில் காட்டினால்? கூட்டம் கூட்டமாகச் சாக வேண்டும். அதைத்தான் சுகந்தி சோதித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மதியம் இருட்டறையில், அந்த பாக்டீரியாவைப் பூசிய பத்துத் தட்டுகளுக்குக் கதிர் காட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"அண்ணா, வெளிச்சம் படாம கறுப்புப் பேப்பர் சுத்தி சூட்டுப் பெட்டிக்குள்ள வச்சிடுறீங்களா? அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, சீக்கிரம் போறேன்."

"நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

தட்டுகளை எடுத்து வந்து ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். பேப்பரைத் தேடினேன். அதற்குள் ஒரு நண்பன் டீக்குக் கூப்பிட்டான். ஒரு மணி நேரம் அரட்டை. திரும்பி வந்து சுற்றி உள்ளே வைத்தேன். என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

மறுநாள் காலியாக இருக்க வேண்டிய தட்டுகளில் பாக்டீரியா மண்டிக் கிடந்தது.

எங்கள் கைடு கோபக்காரர் இல்லை. அமைதியாகத்தான் சொன்னார். "சாதாரண பாக்டீரியா தட்டுல ரெக்-ஏ இல்லாததோட லேபிளை மாத்தி ஒட்டியிருக்கே. இது கவனமா செய்ய வேண்டிய வேலைம்மா."

"இல்ல சார்... நான் சரியாதான் ஒட்டுனேன்" என்றாள் சுகந்தி. குரல் போகப் போக இறங்கியது. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மாலை புத்தகத்தைப் புரட்டினேன். சாதாரண வெளிச்சம் பட்டாலே வேலை செய்யும் இன்னொரு புரதம் பாக்டீரியாவிடம் இருக்கிறது. ரெக்-ஏ இல்லாவிட்டாலும் கதிரால் வந்த சேதத்தை அது சரிசெய்துவிடும். அதனால்தான் கறுப்புப் பேப்பர்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் கைடு அந்த வேலையை அவளிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் செய்தேன். ஒழுங்காகப் பேப்பர் சுற்றினேன். எதிர்பார்த்தபடியே தட்டுகள் காலியாக வந்தன. சுகந்திதான் லேபிளை மாற்றினாள் என்பதற்கு வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

இரண்டு மாதத்தில் அவள் படிப்பை விட்டு நின்றுவிட்டாள். எனக்குப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, இந்தப் பத்தியும் கிடைத்தது.

அத்தனூண்டு பாக்டீரியாவுக்குச் சேதத்தைச் சரிசெய்ய இரண்டு மூன்று வழி. எனக்கு ஒரே வழிதான் இருந்தது — வாயைத் திறப்பது. ஆறு வருஷம் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, கூட்டம் குறையும்வரை அந்த லேபிலேயே காத்திருந்து, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாளோ என்றும் பயந்தேன்.

"அப்ப... நான் மாத்தி ஒட்டலியா?" என்றாள்.

"இல்ல சுகந்தி."

கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தாள்.

"நானே ஒத்துக்கிட்டேண்ணா. அப்பாவுக்கு ஒடம்பு முடியாத நெனப்புல மாத்திட்டேன்னு. வீட்ல கேஸ மூடுனனான்னு மூணு தடவ போயி பாப்பேன். எங்க வீட்டுக்காரரு கூட, ஒனக்கு சந்தேகம் ஜாஸ்தின்னுவாரு." நிறுத்தினாள். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. எங்கப்பாகிட்ட வந்து சொல்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னால் முடிந்தவரை விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வெளிச்சம் பட்டா அந்தக் கிருமி பொழச்சுக்குமா?"

"ஆமாங்க."

"வெளிச்சத்துல வச்சது நீங்க."

"ஆமாங்க."

"ஒடம்பு முடியலன்னு அன்னிக்கு இவள சீக்கிரம் வரச் சொன்னது நானு. என்னாலதான் அவ படிப்பு போச்சுன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருக்கேன்."

சுகந்தி கதவோரம் நின்று அப்பாவையே பார்த்தாள். இது அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. மன்னிச்சிடுங்க என்றேன்.

கிளம்பும்போது, "பேப்பர்ல எழுதுறீங்களாமே தம்பி?" என்றார்.

"ஆமாங்க."

"இத எழுதுங்க. அவ பேரப் போட்டு எழுதுங்க."

எழுதிவிட்டேன், ஐயா. சுகந்தி லேபிளை மாற்றவில்லை.